டைனமோவில் கேட்ட பாட்டுகள்

போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து ஆர்ச்வே ஸ்ரேசன் வாசலில் நிற்கிறேன். இரவு பதினொன்றரை இருக்கும். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பொடியன், இருபது வயதுக்கு மேல் இராது, இடுப்பில் வாக்மன் கொழுவியிருக்கிறான். தலையில் பஞ்சு வைத்த பழைய ஹெட்போன். உலகத்துப் பாட்டெல்லாம் போனுக்குள் இருக்கிற காலத்தில் இவன் கசற் போட்டுக் கேட்கிறான். ஏன் தம்பி இது என்று கேட்டேன். "இதில பாட்டைத் தாண்டிப் போறது கஷ்டம், முழுக்கக் கேட்க வேணும், அதுதான் பிடிக்கும்" என்றான். சொல்லி முடியவில்லை, வாக்மன் நின்றுவிட்டது. பற்றறி முடிஞ்சுதாம். எதிரில் இருந்த கடைக்குள் போய் பற்றறி வாங்கிவந்து போட்டான். இரண்டு நிமிசமும் எடுக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

எங்கட வயதுக்காரர் நாலு பேர் கூடினால் இளையராஜாவா ரகுமானா என்ற சண்டை வராமல் போகாது. இங்கே கலியாண வீடுகளிலும் அதுதான், சாமத்திய வீடுகளிலும் அதுதான். நான் அந்தச் சண்டையில் சேருவதில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆட்களின் பாட்டு ரசனையைத் தீர்மானித்தது பற்றறி என்பது என் கட்சி. அதுவும், இல்லாத பற்றறி.

கொஞ்சம் பின்னுக்குப் போய்த்தான் இதைச் சொல்ல வேண்டும். கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பரில். 1949இல் அது றேடியோ சிலோன் ஆனது, 1950இல் வர்த்தக ஒலிபரப்பு வந்தது. 1952இல் இந்தியாவில் கேஸ்கர் என்ற அமைச்சர் சினிமாப் பாட்டு மக்களைக் கெடுக்கும் என்று நினைத்து அகில இந்திய வானொலியில் அதை ஓரங்கட்டினார். அந்த மனிசனுக்கு இலங்கை வானொலி ஒரு சிலையே வைத்திருக்கலாம். :-) இந்தியச் சனம் அப்படியே சிலோன் பக்கம் ஊசியைத் திருப்பியது. 1957இல் விவித்பாரதியைத் தொடங்கித்தான் அவர்கள் கொஞ்சப் பேரையாவது திருப்பிப் பிடித்தார்கள். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று எங்கட அறிவிப்பாளர்களின் குரலைத் தமிழ்நாட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி உருகுவார்கள். என்னோடு குசினியில் வேலை செய்த ராமநாதபுரத்து அண்ணர் ஒருவர் வெங்காயம் வெட்டிக்கொண்டே கே.எஸ்.ராஜா மாதிரி மூச்சு விடாமல் அறிவிப்புச் செய்து காட்டுவார். கண்ணீர் வெங்காயத்தாலோ ராஜாவாலோ என்று கேட்டால் பதில் வராது.

கசற்றைப் பிலிப்ஸ் கொம்பனி 1963இல் வெளியிட்டது. ஆனால் எங்கட ஊருக்கு அது அள்ளுகொள்ளையாக வந்தது 1977க்குப் பிறகு. அதற்கு முந்தின ஏழு வருசம் இறக்குமதிக் கட்டுப்பாடு. ஜே.ஆர். கதவைத் திறந்துவிட்டார், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் ஆளுக்கொரு ரேப் றெக்கோடரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் றெக்கோடிங் பார்கள் முளைத்தன. வெறுங் கசற்றையும் பாட்டு லிஸ்ரையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். என்ர அக்காவின் லிஸ்ர் ஒரு கொப்பி ஒற்றை நிறைய இருக்கும். கசற்றில் இடம் காணாமல் கடைசிப் பாட்டு பாதியில் வெட்டுப்படும். இன்றைக்கும் சில பாட்டுகள் எனக்கு இரண்டாவது சரணத்தின் நடுவில்தான் முடிகின்றன.

பிறகு 1990 ஜூன். சண்டை திரும்பத் தொடங்கியது, மின்சாரம் நின்றது. எங்கட வீடு சுன்னாகத்துக்குப் பக்கம். குடாநாட்டுக்கே வெளிச்சம் கொடுத்த மின்நிலையம் இருந்த இடம், எங்களுக்கோ ஜாம் போத்தல் விளக்கு. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்துக் கொளுத்துகிற விளக்கு. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பொருளாதாரத் தடையில் பெற்றோல், சீமெந்து, உரம் என்று நீண்டுகொண்டே போன பட்டியலில் பற்றறியும் இருந்தது. கண்ணிவெடிக்குப் பாவிப்பார்கள் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். களவாக வந்த பற்றறியை வாங்க எங்களிடம் வசதி இல்லை. செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்திக்கு உயிர் கொடுப்போம். பிறகு அதுவும் இல்லை.

அப்போதுதான் சைக்கிள் வந்தது. டைனமோவை ஆர் முதலில் றேடியோவுக்குக் கொழுவினார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஊருக்கு ஒருவர் "நான்தான்" என்பார். பேராதனையில் பௌதிகத்தை அரைகுறையாகப் படித்துவிட்டு வந்தவன் என்றபடியால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ. சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற். நாலு பெரிய பற்றறி போடுகிற றேடியோவுக்கும் தேவை அதே 6 வோல்ற். கடவுளாகப் பார்த்துப் பொருத்திவிட்டதுபோல. ஒரு சிக்கல் என்னவென்றால் டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். அதற்கு நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருவாயி, கொள்ளளவி என்று படித்துவிட்டு இதெல்லாம் எங்கே உதவப்போகிறது என்று நினைத்த சாமான்கள். பழுதான றேடியோக்களில் இருந்து அவற்றைக் கழற்றி ஒட்டித் தருவதற்கென்றே சந்தியில் ஒரு ஆள் இருந்தார். அவருடைய கடையில்தான் நான் உண்மையில் பௌதிகம் படித்தேன்.

சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவைப் பின் சில்லில் தொடவிட்டு, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் றேடியோ முனகும். வேகம் கூடினால் கரகரக்கும். ஒரே சீராகச் சுற்றத் தெரிந்தவனுக்கு ஊரில் மதிப்பு. இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை. எங்கள் முற்றத்தில் இருபது பேராவது கூடுவார்கள். நான் பாதி, தம்பி பாதி. அவனுக்கு ஏழு வயது, கை எட்டாது, கட்டைக்கு மேல் ஏறி நின்று சுற்றுவான். செய்தி முடிந்து பெரியவர்கள் எழும்பிப் போன பிறகுதான் கசற். கசற்றை முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்ட டைனமோவைப் பாவிக்க விடமாட்டோம், அது வீண்செலவு. பென்சிலை விட்டுக் கையால் சுற்றுவோம். ஒரு கசற்றில் ஆறு பாட்டு என்றால் எது வேண்டும் என்று முதலே முடிவெடுக்க வேண்டும். பிடிக்காத பாட்டுக்குக் கை நோக விருப்பமில்லை. "ரோஜா" 1992இல் வந்தது. அந்தக் கசற் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பேஸ் விழுகிற இடமெல்லாம் ரேப் றெக்கோடர் விக்கியது. ரகுமானின் தாளம் அப்படித்தான் என்று நாங்கள் வெகுகாலம் நம்பியிருந்தோம்.

இன்னொரு விசயம். சுற்றுகிறவனுக்குப் பாட்டு ஒழுங்காகக் கேட்காது. சங்கிலியும் டைனமோவும் போடுகிற சத்தம் அவன் காதுக்குப் பக்கத்தில். திண்ணையில் இருக்கிறவர்களுக்குத்தான் பாட்டு.

லண்டனுக்கு வந்த பிறகு ட்றெவர் பெய்லிஸ் என்ற மனிதரைப் பற்றி அறிந்தேன். ருவிக்கனம் பக்கத்தில் தேம்ஸ் நதிக்கு நடுவில் இருக்கிற ஈல் பை தீவில் வாழ்ந்த கண்டுபிடிப்பாளர். 1991இல் ஆபிரிக்காவில் எய்ட்ஸ் பரவுவது பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறார். றேடியோவில் விழிப்புணர்வு செய்யலாம், ஆனால் அந்தச் சனத்துக்கு மின்சாரமும் இல்லை, பற்றறி வாங்கக் காசும் இல்லை என்று அதில் சொன்னார்களாம். உடனே போய் முறுக்கிவிட்டால் பாடுகிற றேடியோவைச் செய்தார். 1994இல் பி.பி.சி. அதைக் காட்டியது, பிறகு தென்னாபிரிக்காவில் தொழிற்சாலை வைத்துச் செய்தார்கள், 1997இல் அரசியின் விருதும் கிடைத்தது. 2018இல் காலமானார். நல்ல மனிதர், நான் குறை சொல்லவில்லை. அதே 1991இல் எங்கட பொடியள் சைக்கிளைக் கவிட்டு வைத்துக்கொண்டு இருந்தார்கள் என்பதையும் எங்காவது ஒரு வரி எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வித்தியாசம் உண்டு. பெய்லிஸின் றேடியோவுக்குள் சுருள்வில் இருந்தது. முறுக்கிவிட்டுப் போய் இருந்து கேட்கலாம். எங்களிடம் சேமித்து வைக்க ஒன்றும் இல்லை. கை நின்றால் பாட்டும் நிற்கும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. நாங்களும் நடந்தோம். சைக்கிளில் அரிசி மூட்டையும் ரேப் றெக்கோடரும். தென்மராட்சியில் கொஞ்சக் காலம், பிறகு கிளாலி கடந்து வன்னி, மல்லாவி. நான் 1999இல் நாட்டை விட்டு வந்தேன். அம்மாவும் தம்பியும் அங்கேயே.

வந்த புதிதில் செய்த முதல் வேலைகளில் ஒன்று, 4ம் நம்பர் பஸ்ஸில் ஏறி ஓல்ட்விச்சில் இறங்கி புஷ் ஹவுஸைப் பார்த்தது. நாங்கள் கை நோகச் சுற்றிக் கேட்ட குரல் அந்தக் கட்டடத்தில் இருந்துதான் வந்தது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பி.பி.சி. 2012இல் அங்கிருந்து கிளம்பிவிட்டது, தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரலோடு நின்றது. ஜங்சன் றோட்டில் அப்போது ஒரு இன்ரநெற் கடை இருந்தது. ஓய்வு நாளில் அங்கே போய் றியல் பிளேயரில் பாட்டுக் கேட்பேன். ஒரு பாட்டு நாலு இடத்தில் நின்று நின்று வரும். பக்கத்தில் இருந்தவர்கள் திட்டுவார்கள். எனக்கு அது பழகின விக்கல். நாப்ஸ்ரரில் இருந்து இறக்கி ஒரு சீடியில் நூற்றைம்பது பாட்டுப் பதிந்து தந்தான் ஒரு நண்பன். அதில் இருபதைக்கூட நான் கேட்டு முடித்ததில்லை. இன்றைக்கு இருக்கிற வசதி கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. பன்னிரண்டு மணித்தியாலம் அடுப்படியில் நிற்கிறவனுக்கு யூரியூப் கடவுள் தந்த வரம். தானாக அடுத்த பாட்டுக்குத் தாவுகிற அந்த வேலையை மட்டும் நிற்பாட்டி வைத்திருக்கிறேன்.

2001இல் அம்மாவின் கசற் வந்தது. வன்னியில் தடை அப்போதும் இருந்தது, 2002 சமாதான காலம் வரும்வரை. கடிதம் எழுதினால் அம்மாவுக்குக் கண் தெரியாது, ஆகவே பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார். வவுனியா, கொழும்பு என்று பல கை மாறி வந்த கசற்றை, ஆர்ச்வே றோட்டில் இருக்கிற முருகன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை அறிமுகமில்லாத ஒருவர் என் கையில் தந்தார். அந்தக் காலத்தில் அந்தக் கோயில் எங்களுக்குத் தபால் கந்தோராகவும் இருந்தது.

அறைக்கு வந்து போட்டால் அம்மாவின் குரல் இல்லை. சின்னப் பிள்ளை ஒன்று வேகமாகக் கதைக்கிறது. கொஞ்ச நேரத்தில் குரல் தடித்து ஆம்பிளைக் குரலாகிறது. பிறகு திரும்பவும் பிள்ளை. விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. தம்பி டைனமோ சுற்றியிருக்கிறான். அவன் களைத்து மெதுவாகச் சுற்றும்போது நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. இங்கே லண்டன் மின்சாரத்தில் சரியான வேகத்தில் ஓடும்போது அந்த இடங்களில் அம்மா சிறுபிள்ளையாகிவிடுகிறார். அவன் உசாராகிச் சுற்றின இடங்களில் குரல் தடிக்கிறது. நாற்பது நிமிசம். மாடு கன்று போட்டது, பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டது, நேரத்துக்குச் சாப்பிடு. தம்பி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. சங்கிலிச் சத்தம்தான். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும், தூரத்தில், "அம்மா காணும், கை நோகுது" என்கிறான்.

அம்மா 2006இல் மல்லாவியிலேயே காலமானார். தம்பியைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ரொறன்ரோவில் அக்காவின் மகன் ஒலிப்பதிவு படித்தவன். கசற்றின் நாடா பழுதாகப் போகிறது, கணினியில் ஏற்றி வைப்போம் என்று மூன்று வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போன கோடையில் இங்கே வந்தபோது கொடுத்துவிட்டேன். இரண்டு கிழமையால் போன் எடுத்தான். "மாமா, இப்ப எல்லாத்துக்கும் சொவ்ற்வெயர் இருக்கு. ஸ்பீட் மாறுற இடங்களைச் சரிபண்ணினா அம்மம்மாவின்ர குரல் அப்பிடியே வரும். பின்னால கேக்கிற அந்தக் கரகர சத்தத்தையும் ஒரேயடியா எடுத்திடலாம். சாம்பிள் செய்து பாத்தன், ரேடியோ ஸ்ரேசன் மாதிரி கிளீனா இருக்கு" என்றான்.

அம்மாவின் குரலைச் சரிபண்ணச் சொன்னேன். பின்னால் கேட்கிற சத்தத்தில் கைவைக்க வேண்டாம் என்றேன். "அது வெறும் சைக்கிள் சத்தம் மாமா" என்றான். அது உன்ர சின்ன மாமா என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வேகத்தைச் சரிபண்ணினால் சங்கிலிச் சத்தத்தின் வேகமும் சேர்ந்து மாறும், பரவாயில்லையா என்று கேட்டான். இரண்டு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.