திணிவின் ஏற்றத்தாழ்வு

1869ஆம் ஆண்டிலே உருசிய அறிஞர் மெந்தலீவ் மூலகங்களை வரிசைப்படுத்தி அட்டவணை ஒன்றை அமைத்தார். அவ்வரிசையின் காரணம் அன்று எவருக்கும் விளங்கவில்லை. அணுவுக்கும் உள்ளமைப்பு உண்டென்பது இருபதாம் நூற்றாண்டிலே தெளிந்த பின்னரே அது புலனாயிற்று. காரணம் அறியப்படாத வேறோர் அட்டவணை இன்றும் உளது. அஃது அடிப்படைத் துணிக்கைகளின் திணிவு அட்டவணையாகும்.

1936இல் அமெரிக்க விஞ்ஞானிகளான கார்ல் அந்தர்சனும் சேத் நெடர்மேயரும் அண்டக் கதிர்களிடையே மியூவன் என்னும் துணிக்கையைக் கண்டனர். மின்னேற்றத்தில் அஃது இலத்திரனை ஒத்தது. திணிவிலோ ஏறக்குறைய 207 மடங்கு. நாம் காணும் சடப்பொருள்களை ஆக்குவதற்கு அது வேண்டப்படுவதுமன்று. பின்னர் 1995இல் பேர்மி ஆய்வுகூடத்தில் வெளிப்பட்ட உச்சிக் குவார்க்கு, இலத்திரனைப் போல் மூன்று இலட்சம் மடங்குக்கும் மேற்பட்ட திணிவுடையது. இத்துணிக்கைகள் மூன்று தலைமுறைகளாய் நிற்கின்றன. இவற்றின் வகை வேறுபாட்டைப் பௌதிக அறிஞர் 'சுவை' என வழங்குவர்.

துணிக்கைகள் திணிவு பெறும் வழியை 1964இல் எழுந்த ஹிக்ஸ் கொள்கை காட்டிற்று. ஆயினும் எதற்கு எவ்வளவு என்பதை அது கூறவில்லை. அளந்தறிந்த எண்களையே கொள்கையினுள் இடவேண்டியதாயிற்று.

1984இல் டேவிட் கப்லானும் ஹாவர்ட் ஜோர்ஜியும் ஹிக்ஸ் துணிக்கையே ஒரு கூட்டுப்பொருளாகலாம் என்றனர். 1991இல் கப்லான் மேலும் ஒரு கருத்தை உரைத்தார். சாதாரணத் துணிக்கைகள் கூட்டுத் துணிக்கைகளோடு சிறிதளவு கலக்கின்றன. மிகக் கலப்பது கனக்கும், குறையக் கலப்பது இலேசாகும். வட்டி வீதத்தின் சிறு வேறுபாடு, வட்டிக்கு வட்டி ஏறி நெடுங்காலத்திற் பெருந்தொகையாவது போல, தொடக்கத்துச் சிறு வேறுபாடே பெரும் ஏற்றத்தாழ்வாய் முடிகின்றது.

எனினும் அக்கலப்பே இடரும் விளைக்கின்றது. அதனால் துணிக்கைகள் தகாத முறையிற் சுவை மாறக்கூடும். மியூவன் ஒளித்துணிக்கையை உமிழ்ந்து இலத்திரனாகும் மாற்றம், இலட்சங்கோடியில் ஒன்று என்னும் அளவிலேனும் நிகழ்வதில்லை எனப் பரிசோதனைகள் காட்டுகின்றன. ஆகவே தலைமுறைகளைக் கட்டுப்படுத்தும் சமச்சீர் விதிகளை அறிஞர் வேலியாக இட்டனர். வேலி இறுகினால் ஏற்றத்தாழ்வுக்குக் கூறிய விளக்கம் நழுவுகின்றது. தளர்ந்தால் பரிசோதனையோடு முரண்படுகின்றது.

2012இல் ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ஹிக்ஸ் துணிக்கை கண்டறியப்பட்டது. அதற்கு உள்ளமைப்பு உண்டென்பதற்கான சான்று இதுவரை கிட்டவில்லை. இத்திணிவுகள் தற்செயலாய் அமைந்தனவா, விதியின்பாற்பட்டனவா என்னும் வினா இன்னும் விடையை எதிர்நோக்கி நிற்கின்றது.