அமெரிக்கப் பேண்டு வாத்திய இசையும் ஒலிப்பதிவும்

அமெரிக்காவில் பித்தளைக் கருவிகளால் ஆன பேண்டு வாத்தியக் குழுக்கள் 1850களிலும் உள்நாட்டுப் போரின்போதும் (1861–1865) பெருகியிருந்தன. எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்ததோ 1877-இல்தான். எனவே போர்க்களத்தில் ஒலித்த பேண்டு இசை எதுவும் பதிவாகவில்லை.

1890-இல் வாஷிங்டனில் கொலம்பியா நிறுவனம் அமெரிக்க மரைன் படையின் பேண்டு இசையை மெழுகு உருளைகளில் பதிவு செய்தது. அப்போது மைக் கிடையாது. புனல் வழியே வந்த ஒலி ஊசியை அசைத்து மெழுகில் பள்ளம் வெட்டியது. வயலினின் மெல்லிய ஒலி சரியாகப் பதியவில்லை. பித்தளைக் கருவிகளின் உரத்த ஒலி நன்கு பதிந்தது. ஓர் உருளையில் சுமார் 2 நிமிட இசையே அடங்கும். எளிதில் நகலெடுக்க வழியில்லாததால் ஒரே இசையைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். அக்குழுவின் நடத்துநரான ஜான் பிலிப் சூசாவே, இயந்திர இசை பெருகினால் மக்கள் தாமே இசை பயில்வது குன்றும் என்று 1906-இல் எழுதினார்.

போர்க்கால இசையை அறிய எஞ்சியவை இசைக்குறிப்பு ஏடுகளும் பழைய கருவிகளுமே. வட கரோலினாவின் 26 ஆம் படைப்பிரிவுப் பேண்டின் ஏடுகள் அழியாமல் கிடைத்துள்ளன. பின்னால் அணிவகுத்து வரும் வீரர்களுக்குக் கேட்பதற்காக, வாய்ப்பகுதி தோளுக்கு மேல் பின்னோக்கி அமைந்த சாக்ஸ்ஹார்ன்களும் உள்ளன. 1960களின் தொடக்கத்தில் ஃபிரெடரிக் ஃபென்னெல் அத்தகைய பழங்கருவிகளைக் கொண்டு இசைத்துப் பதிவு செய்தார்.

அன்றைய வாசிப்பு முறை முழுவதையும் ஏடு சொல்லிவிடாது. ஆகவே 1890-இன் உருளை நேரடிச் சான்று. 1960களின் இசைத்தட்டு மீட்டுருவாக்கம். இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் கொண்டு கேட்பது நல்லது.