ரஞ்சன்குடிக் கோட்டையும் நினைவுச்சின்னச் சட்டங்களும்: பொதுப்பொறுப்பு உருவான வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பழமையான கட்டடங்களைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவிற்கு இந்தியச் சட்டங்கள் காலந்தோறும் வெவ்வேறு விடைகளை அளித்துள்ளன. பெரம்பலூர் மாவட்டம் ரஞ்சன்குடிக் கோட்டையைச் சான்றாகக் கொண்டு அம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ரஞ்சன்குடி, நினைவுச்சின்னம், தடைசெய்யப்பட்ட பகுதி, பொதுப்பொறுப்பு, ஊராட்சி.

முன்னுரை

சென்னை – திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை அமைந்துள்ளது. அகழியும் அரைவட்டக் கொத்தளங்களும் கொண்ட இக்கோட்டை, ஆர்க்காட்டு நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தாரால் 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. 1751-இல் முகமது அலியின் பக்கம் நின்ற ஆங்கிலேயருக்கும் சந்தா சாகிபின் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரருக்கும் நிகழ்ந்த வாலிகொண்டாபுரம் போருடன் இதன் பெயர் இணைந்துள்ளது. அப்போரில் ஆங்கிலேயர் பின்வாங்கித் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றனர். படைத்தேவை மறைந்தபின் இத்தகைய கோட்டைகள் காவலற்ற கற்குவியல்களாயின. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் ரஞ்சன்குடிக் கோட்டை உள்ளது. இடைப்பட்ட காலத்தில் மாறியது சட்டத்தின் பார்வையாகும்.

உடைமையாளரிடமிருந்து அரசுக்கு

சென்னை மாகாணத்தின் 1817-ஆம் ஆண்டு 7-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றின் மானியங்களையும் பாலம், சத்திரம் முதலிய பொதுக்கட்டடங்களையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. பயன்பாட்டில் இருந்தவற்றைப் பேணுவதே அதன் நோக்கம். பழமை என்பதற்காகவே ஒன்றைக் காக்கும் கருத்து அதில் இல்லை.

அக்கருத்துக்கு வடிவம் தந்தது கர்சன் காலத்தில் இயற்றப்பட்ட 1904-ஆம் ஆண்டுப் பழமையான நினைவுச்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம். எனினும் அது தனியுடைமையை மதித்தே இயங்கியது. மாவட்ட ஆட்சியர் உடைமையாளருடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். நினைவுச்சின்னத்தைச் சிதைப்போருக்கான தண்டனைப் பிரிவும், 'உடைமையாளர் அல்லாத எவரும்' என்றே தொடங்கியது. அரசு பராமரித்த அல்லது ஒப்பந்தத்திற்கு உட்பட்ட சின்னத்தைச் சிதைத்தாலோ, ஆணையை மீறினாலோ மட்டுமே உடைமையாளர் குற்றவாளியானார்.

விடுதலைக்குப் பின் இந்நிலை மாறியது. அரசமைப்பின் 49-ஆவது உறுப்பு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைக் காப்பதை அரசின் கடமையாக்கியது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம், சின்னத்தைச் சிதைக்கும் எவரையும் வேறுபாடின்றித் தண்டனைக்கு உட்படுத்தியது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின்வழிச் சேர்க்கப்பட்ட 51-அ உறுப்பு, கூட்டுப் பண்பாட்டின் வளமான மரபைப் போற்றிப் பேணுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக்கியது. இவ்வாறு உடைமையாளர், அரசு, குடிமக்கள் என மூன்று படிகளில் பொறுப்பு விரிந்தது.

சுவரிலிருந்து சுற்றுப்புறத்திற்கு

1992 ஜூன் 16-இல் வெளியான அறிவிக்கை, பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வகுத்தது. எனினும் வல்லுநர் குழுவொன்றின் பரிந்துரையின்பேரில் தடைப்பகுதியிலும் கட்டுமான அனுமதிகள் அளிக்கப்பட்டன. அம்முறை சட்டத்திற்குப் புறம்பானதென 2009-இல் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக வந்த 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இவ்வெல்லைகளைச் சட்டத்திற்குள்ளேயே கொண்டுவந்தது. தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தை அமைத்தது. மூன்று மாதச் சிறை, 5,000 ரூபாய் என்றிருந்த தண்டனை வரம்பை ஈராண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் என உயர்த்தியது.

இவ்விதிகள் ரஞ்சன்குடிக்கும் பொருந்துவன. கோட்டையின் பாதுகாப்பு எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் மனை வைத்திருப்பவர் அதில் புதுவீடு கட்ட இயலாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதேவேளை வடிகால், பொதுக் கழிப்பறை, குடிநீர், மின்வழங்கல் ஆகியவற்றுக்கான பணிகளைக் 'கட்டுமானம்' என்னும் வரையறையிலிருந்து சட்டம் விலக்கியுள்ளது. மக்கள் வாழ்க்கையைச் சட்டம் முற்றிலும் மறக்கவில்லை என்பதற்கு இது சான்று. ஆயினும் தேசம் முழுமைக்கும் உரிய ஒரு மரபின் செலவில் ஒரு பங்கை, அதன் நிழலில் வாழும் சில குடும்பங்களே சுமக்கின்றன.

காவலும் பங்கேற்பும்

தடை விதிப்பதால் மட்டும் காப்பு நிறைவேறுவதில்லை. 2013-ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர், கள ஆய்வு செய்த 1,655 சின்னங்களுள் 92 சின்னங்களைக் காணவில்லை எனப் பதிவு செய்தார். மத்திய அரசின் பாதுகாப்பிலிருந்த 3,693 சின்னங்களுள் 248 இடங்களில் மட்டுமே காவலர்கள் இருந்தனர் என்பது பின்னர் நாடாளுமன்றக் குழுவின் வழி வெளிப்பட்டது. காவலர் இல்லாத இடத்தில் அண்டை வாழ்வோரே முதற்சாட்சிகள். கல் பெயர்வதையும் சுவர் சரிவதையும் முதலில் காண்பவர்கள் அவர்களே.

ஆனால் சட்டம் அவர்களிடம் செய்யக்கூடாதவற்றை மட்டுமே விரிவாகக் கூறுகிறது. மரபுசார் துணைவிதிகளை வகுக்கும் பிரிவு வல்லுநர் அமைப்புகளைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. ஊராட்சியையோ கிராம சபையையோ அது பெயர் சுட்டவில்லை. 73-ஆவது திருத்தத்தின் பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளுக்குரியனவாக உள்ள 29 இனங்களில் பண்பாட்டு நடவடிக்கைகளும் சமுதாயச் சொத்துகளின் பராமரிப்பும் இடம்பெறுகின்றன. நினைவுச்சின்னப் பாதுகாப்பு தனி இனமாக இல்லை. கடமை ஊராரிடமும் முடிவெடுக்கும் உரிமை வேறிடத்திலும் இருக்கும் இவ்விடைவெளியே சட்டத்தின் குறைபாடு.

முடிவுரை

இருநூறாண்டுக் காலச் சட்ட வரலாறு, கைவிடப்பட்ட கோட்டையைப் பொதுச்சொத்தாக்கியது. தனியுடைமையின் தடையை நீக்கியதும், சுற்றுப்புறத்தையும் சின்னத்தின் பகுதியாகக் கருதியதும் அதன் பெரும் பயன்கள். எல்லைகளைத் தளர்த்துவது இதற்கு அடுத்த படியாகாது. ஒருமுறை இடிந்த சுவரை எந்தத் திருத்தமும் மீட்டுத் தராது. துணைவிதிகளை வகுக்கும்போது கிராம சபையின் கருத்தைக் கேட்பதும், பழுதுபார்ப்பு அனுமதியை உள்ளூர் அளவிலேயே விரைந்து பெற வழிசெய்வதும், கண்காணிப்பில் ஊராட்சிக்கு முறையான பங்கு அளிப்பதும் தேவை. அப்போதுதான் ரஞ்சன்குடிக் கோட்டை, ஊராருக்கு அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்ட தடையாக அன்றித் தம் பொறுப்பிலுள்ள மரபாக விளங்கும்.