செரோ தோரே: சாட்சி இல்லாத ஒரு சாதனை

பாறையேற்றத்துக்கு நடுவர் கிடையாது. உச்சிக்குப் போனவர் "நான் ஏறினேன்" எண்டு சொன்னால், அந்தச் சொல்லே பதிவாகிவிடும். இந்த நம்பிக்கையை மிக மோசமாகச் சோதித்த மலை, பட்டகோனியாவில 3128 மீற்றர் உயரத்தில் ஊசி போல நிற்கிற செரோ தோரே.

1959இல் இத்தாலியரான செசாரே மேஸ்த்ரியும் ஆஸ்திரியரான டோனி எக்கரும் அதில ஏறப் போனார்கள். திரும்பி வந்தவர் மேஸ்த்ரி மட்டும்தான். உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது பனிச்சரிவு எக்கரை அடிச்சுக்கொண்டு போனது, கமராவும் அவரோடயே போய்விட்டது எண்டார். உலகம் முதலில் நம்பியது.

பிறகு சந்தேகம் கிளம்பியது. கோபப்பட்ட மேஸ்த்ரி 1970இல் ஒரு கொம்பிரசரையே மலைக்கு ஏற்றி, 300க்கும் மேற்பட்ட போல்ட்களைப் பாறையில அறைந்தார். அப்போதும் உச்சியிலுள்ள பனிக்குமிழில் ஏறவில்லை. அது மலையின் பகுதியே இல்லையாம்! 1974இல் கசிமிரோ ஃபெராரியின் அணி மேற்குப் பக்கத்தால் ஏறி உச்சியிலேயே நின்றது. இதில ஒருவருக்கும் சந்தேகமில்லை.

2005இல் மூவர் மேஸ்த்ரி சொன்ன வடக்குப் பக்கத்தால் ஏறினார்கள். அவர்களில் எர்மன்னோ சல்வாதேரா ஒருகாலத்தில மேஸ்த்ரியை நம்பினவர். அடியில் சுமார் 300 மீற்றர் வரைக்கும் பழைய கயிறும் ஆணிகளும் இருந்தன. அதற்கு மேல ஒண்டுமே இல்லை. மேஸ்த்ரி சொன்ன வர்ணனையும் அங்கிருந்த பாறையோடு பொருந்தவில்லை. 2015இல் இன்னொன்றும் வெளிவந்தது. எக்கர் செரோ தோரேயில் ஏறுவதாக மேஸ்த்ரியின் புத்தகத்தில் போட்டிருந்த படம், பக்கத்திலுள்ள வேறொரு சிகரத்தில எடுத்தது!

மேஸ்த்ரி 2021இல் இறக்கும்வரை தன் கதையை மாற்றவேயில்லை.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு இதை ஏன் கிண்ட வேணும் எண்டு சிலர் கேட்கலாம். எங்களுக்கு முக்கியமாகப் படுவது இரண்டு பக்கம். ஒன்று, உண்மையாகவே முதலில் ஏறிய ஃபெராரியின் அணி பல வருசம் "இரண்டாவது" ஆகவே எண்ணப்பட்டது. மற்றது, எக்கர். 1970களின் நடுவில் அவருடைய எச்சங்கள் பனியாற்றில் கிடைத்தன, கமரா கிடைக்கவில்லை. அவர் எங்கே, எப்படி இறந்தார் எண்டது இண்டைக்கும் தெளிவில்லை. ஒரு பொய்ப் பதிவு வெற்றியை மட்டும் திருடுறதில்லை, செத்தவரின் கடைசி நேரத்தையும் சேர்த்தே திருடிவிடுகிறது.