துறையூர் வெயிலும் ஊட்டி ஃபிலிமும்

பழைய எஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவர்களிடம் எல்லோரும் கேட்பது, "இன்னும் வேலை செய்யுதா?" என்றுதான். செய்யும். என்னிடம் இருப்பது பென்டாக்ஸ் கே1000. 1976இல் வந்து 1997 வரை தயாரிப்பில் இருந்த மாடல். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். அது தீர்ந்தாலும் படம் எடுக்கலாம். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம், எஃப் 16, 1/125 நொடி என்று வைத்துவிட்டால் துறையூர் பெரிய ஏரிக்கரையின் மதிய வெயிலுக்கு மீட்டரே வேண்டாம்.

கேமரா ஒருமுறை வாங்கினால் போதும். ஃபிலிம் அப்படியில்லை, ஒவ்வொரு முறையும் வாங்கணும். அதனால், சின்ன ஊர்களில் யார் எவ்வளவு படம் எடுத்தார்கள் என்ற வரலாற்றை ஃபிலிமிலிருந்துதான் தொடங்கணும்.

அதில் ஒரு பகுதி நம் நீலகிரியில் நடந்தது. மத்திய அரசின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்டது. பிரான்ஸின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் ஊட்டியில் உற்பத்தி ஆரம்பம். ஃபிலிம் மேல் பூசுவது ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பு. சூடும் தூசியும் அதற்கு ஆகாது. குளிர்ந்த மலையூர் தோதாக இருந்தது. பிராண்டின் பெயர் 'இந்து', அதாவது நிலா. ஆலை இருந்த இடம் இந்து நகர். கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், போட்டோ பேப்பர் எல்லாம் அங்கிருந்து வந்தன.

ரோலுக்கு 36 படம் என்ற கணக்கு, எடுக்கிற முறையையே மாற்றியது. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் ரோல் தீர்ந்தால் கதை முடிந்தது. அதனால் நாலைந்து படம் மிச்சமிருந்தாலும் முன்கூட்டியே ரோலை மாற்றிவிடுவது உண்டு. கே1000இல் ஃபிளாஷ் போட்டால் ஷட்டர் 1/60 நொடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஷட்டர் திரை பாதி மறைத்து, படத்தின் ஒரு பகுதி கறுப்பாகிவிடும். ஃபிலிமைக் கழுவும்வரை தப்பு தெரியாது. மாப்பிள்ளையிடம் போய் "இன்னொரு தடவை தாலி கட்டுங்க" என்று சொல்ல முடியுமா?

பிறகு கலர் வந்தது. 1991க்குப் பின் இறக்குமதி வரி குறைந்தது. பாலியஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடனின் வட்டி ஊட்டி ஆலையை அழுத்தியது. 1990களிலேயே நலிந்த நிறுவனம் ஆகிவிட்டது. டிஜிட்டல் வந்தபோது மீள வழியில்லை. 2014இல் ஊழியர்களின் விருப்ப ஓய்வுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கேமரா இன்னும் ஓடுகிறது. ஃபிலிம் செய்த ஆலைதான் போய்விட்டது.

மிச்சம் இருப்பது நெகட்டிவ். மூடிய ஸ்டூடியோக்களின் நெகட்டிவ்கள் வெள்ளி பிரிக்க எடைக்குப் போகின்றன, இல்லை குப்பைக்கு. தமிழக ஸ்டூடியோப் படங்களை மின்பதிவாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஊர்ப் பரணுக்கும் அவர்கள் வர முடியாது.

உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்தால் வினிகர் வாடை வருகிறதா? அசிடேட் ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தனியே எடுத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் வெள்ளைத் திரை வைத்த ஒரு போனின் மேல் நெகட்டிவைப் பிடித்து, இன்னொரு போனில் படமெடுத்தால்கூடப் போதும். மீதியைக் காற்றோட்டமான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கூடவே, படத்தில் இருப்பது யார், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். அந்தத் தகவல் எந்த நெகட்டிவிலும் இல்லை.