இசை விழாக்களும் நம் காலனி மேடையும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு இசையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தனர். இராக இலக்கணத்தை ஆராயும் புலமை எமக்கில்லை. ஆயினும், மார்கழி பிறந்துவிட்டால் நம் காலனியில் எழும் ஒரு வழக்கு எமக்கு நன்கு தெரியும். விடுப்பெடுத்துச் சென்னைக்குச் சென்று சபைக் கச்சேரிகளைக் கேட்பதா, தை மாதம் திருவையாற்றுக்குச் செல்வதா, இரண்டும் வேண்டாமென்று இங்கேயே இரவீந்திர பாரதியில் கேட்டு மன நிறைவு அடைவதா என்பதே அவ்வழக்கு. மூன்று கட்சிக்கும் நம்மிடையே வழக்கறிஞர்கள் உண்டு. தீர்ப்புக் கூறுமுன் இவ்விழாக்கள் பிறந்து வளர்ந்த வரலாற்றைச் சற்றே நோக்குதல் நலம்.

சென்னைச் சபைகள்

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபையே சென்னையின் மிகப் பழைய சபையாக மதிக்கப்படுகிறது. எனினும், இன்று நாம் 'சீசன்' என்றழைக்கும் டிசம்பர் விழாவுக்கு வித்திட்டது 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையாகும். அம்மகாசபையை ஒட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்று நடைபெற்றது. அங்கே அரும்பிய எண்ணத்தின் பயனாக 1928 ஆகஸ்டு 18 அன்று மியூசிக் அகாதெமி தொடங்கி வைக்கப்பெற்றது. தொடக்கி வைத்தவர் சர் சி. பி. இராமசுவாமி ஐயர். 1932இல் இந்திய நுண்கலைச் சங்கம் தோன்றிற்று. பின்னர் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின.

அகாதெமிக்கு நெடுங்காலம் சொந்த மண்டபமில்லை. பந்தல்களிலும் பிறருடைய கூடங்களிலுமே விழாவை நடத்தி வந்தது. 1955 அக்டோபரில் பண்டித நேரு அடிக்கல் நாட்டிய மண்டபத்தை, 1962 டிசம்பரில் மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார் திறந்து வைத்தார். ஏறத்தாழ 1,600 பேர் அமரக்கூடிய மண்டபம் அது.

அகாதெமியின் நிகழ்ச்சி நிரலைக் கையிலெடுத்தால் அதன் நோக்கம் விளங்கும். காலையில் வித்துவான்கள் கூடி இராக லட்சணங்களை விவாதிப்பர். நண்பகலில் இளைஞர் பாடுவர். மாலையிலும் இரவிலும் முதுபெரும் கலைஞர்கள் அமர்வர். நண்பகலில் பாடியவர் சில ஆண்டுகளில் மாலை மேடைக்கு ஏறுவதைக் காணும் மகிழ்ச்சி ஆண்டுதோறும் வரும் ரசிகருக்கே உரியது. கச்சேரிக்கும் கச்சேரிக்கும் இடையே சிற்றுண்டிச் சாலையில் நடக்கும் விமரிசனமோ தனியொரு கச்சேரி என்னலாம்!

ஆயினும் வெளியூரிலிருந்து செல்லும் குடும்பத்துக்கு நுழைவுச்சீட்டு, தங்குமிடம், ஆட்டோ வாடகை எல்லாம் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்தைக் கரைத்துவிடும். நண்பகல் கச்சேரிகளுக்குப் பல சபைகளில் கட்டணமில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

தமிழிசை மன்றம்

அக்காலத்துக் கச்சேரிகளில் தெலுங்குக் கீர்த்தனைகளும் வடமொழிக் கீர்த்தனைகளுமே பெரும்பொழுதைப் பெற்றன. தமிழ்ப் பாட்டு இறுதியில் துக்கடாவாக வந்து போகும். கேட்போர் தமிழர், பாடுவோரும் பெரும்பாலும் தமிழர், பாட்டு மட்டும் தமிழன்று என்ற குறை பலர் நெஞ்சில் இருந்தது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டில் அக்குறை வாய்விட்டுப் பேசப்பட்டது. இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார். இராஜாஜியும் கல்கியும் துணை நின்றனர். இசைக்கு மொழி வரம்பு கூடாதென்று மறுத்தோரும் சிறந்த புலவர்களே. அவ்வாதம் பத்திரிகைகளில் அனல் பறக்க நடந்தது.

1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது. 1952இல் எஸ்பிளனேடில் இராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. இச்சங்கத்து விழாவின் நிரலில் தமிழ்ப் பாட்டே முதலும் நடுவும் முடிவுமாம். சீர்காழி மூவராகிய முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோரின் பாடல்கள் மேடையின் நடுவிடத்தைப் பெற்றன. தேவாரப் பண்களை ஆராயும் பண் ஆராய்ச்சிக் கூட்டமும் விழாவோடு சேர்ந்து நடைபெறுகிறது. ஓதுவார்களும் இசைப் புலவர்களும் ஒரே மேடையில் அமர்ந்து, இன்ன பண் இன்ன இராகமென்று ஒப்பிட்டு நோக்கும் காட்சி வேறெங்கும் எளிதில் காண்பதற்கில்லை.

வழக்காடிய இரு சாராரும் நாளடைவில் நெருங்கினர். தமிழில் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளைத் தந்த பாபநாசம் சிவன் அவர்களுக்கு மியூசிக் அகாதெமி 1971இல் சங்கீத கலாநிதி விருதளித்தது. ஒரு சாரார் தனியே மேடை அமைத்திராவிடில் மற்ற மேடையும் இவ்வளவு விரைவில் இடம் தந்திருக்குமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

காவிரிக்கரைப் பந்தல்

1847இல் தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றில் சித்தியடைந்தார். ஆண்டுதோறும் அத்திதியில் ஆராதனை நடந்து வந்தது. ஆனால் நாளடைவில் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிளவு நேர்ந்தது. இரு கட்சியாரும் ஒத்துக்கொண்ட செய்தி ஒன்றே ஒன்று. பெண்கள் அச்சந்நிதியில் பாடலாகாது என்பதே அது!

இந்நிலையில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வந்தார். சிதைந்து கிடந்த சமாதியிடத்தைத் தம் சொந்தப் பொருளால் வாங்கித் திருப்பணி செய்தார். 1926இல் குடமுழுக்கு நடைபெற்றது. கோயிலைக் கட்டியவருக்கே அங்கே பாட உரிமையில்லை என்றபோது அவர் ஒதுங்கிவிடவில்லை. பெண்களைத் திரட்டிச் சமாதியின் பின்புறத்தே தனியே ஆராதனை நடத்தினார். 1940, 1941ஆம் ஆண்டுகளை ஒட்டிக் கட்சிகள் யாவும் ஒன்றுபட்டன. ஆண்களும் பெண்களும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கூடிப் பாடும் இன்றைய முறையும் அக்காலத்தே உருப்பெற்றது. 1952இல் மறைந்த அம்மையாரின் சிலை இன்றும் சுவாமிகளின் சந்நிதியை நோக்கியவாறு அமர்ந்திருக்கிறது.

திருவையாற்றில் சென்னையின் வசதி ஒன்றும் இல்லை. சீட்டுமில்லை, எண்ணிட்ட இருக்கையுமில்லை. பந்தலின் கீழ்த் தரையில் அமர வேண்டும். எத்துணைப் பெரிய வித்துவானாயினும் ஒன்றிரண்டு கீர்த்தனைகளோடு எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். விரிந்த ஆலாபனையை நாடிச் செல்வோர் ஏமாற்றம் அடைவர். நாலு பேரோடு சேர்ந்து தாமும் வாய்விட்டுப் பாட விழைவோருக்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

நம் நகரம்

இரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டை ஒட்டி 1961இல் இரவீந்திர பாரதி திறக்கப்பெற்றது. தென்னக இசையும் வடநாட்டு இசையும் ஒரே மேடையில் மாறி மாறி ஒலிப்பது இந்நகரின் தனிச்சிறப்பு. பண்டித மோதிராம் 1934இல் நிஜாம் மீர் உஸ்மான் அலிகானின் அரசவைக் கலைஞராகப் பதவியேற்க வேண்டிய நாளிலேயே இங்கே காலமானார். அப்போது நான்கு வயதுச் சிறுவராயிருந்த அவர் மைந்தர் ஜஸ்ராஜ் பிற்காலத்தில் பெரும்புகழ் எய்தினார். தந்தையார், தமையனார் ஆகிய இருவர் நினைவாகவும் 1970களின் தொடக்கத்திலிருந்து இந்நகரில் இசை விழா நடத்தி வந்தார். ஜஸ்ராஜ் 2020இல் மறைந்தார். தந்தையை இழந்த ஊரையே இசையால் போற்றிய அவர் செயல், ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு ஒரு பாடமாகும்.

இத்துணை இருந்தும் ஜீடிமெட்லாவாசிகளுக்கு ஓர் இடர் உண்டு. தொழிற்சாலையில் பணி முடித்துப் பாலாநகரைக் கடந்து, பேகம்பேட்டை நெரிசலைத் தாண்டிச் சைபாபாத்தை அடைவதற்குள் வர்ணம் முடிந்து, பல வேளைகளில் தனி ஆவர்த்தனமும் முடிந்துவிடும். இரண்டாம் ஷிப்டுக்காரருக்கோ அவ்வாய்ப்பும் இல்லை. வீட்டில் குழந்தைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயின்று, விளையாட்டில் இந்தி பேசுகின்றனர். பாட்டி முணுமுணுக்கும் பாட்டு எம்மொழியில் உள்ளதென்று அறியாத குழந்தைகளை நம் காலனியிலேயே காண்கிறோம். அவர்கள்மீது குற்றமில்லை. கேட்பதற்கு ஓரிடம் நாம் அமைத்துத் தரவில்லை.

வழக்கின் முடிவு

மேற்கூறிய வரலாறுகளை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. மண்டபம் இல்லாதபோதே அகாதெமி விழா எடுத்தது. மேடையில் உரிய இடம் கிடைக்காதபோது தமிழ் இசை இயக்கத்தார் தமக்கென ஒரு மேடை கண்டனர். சந்நிதி மறுக்கப்பட்டபோது நாகரத்தினம்மாள் அதன் பின்புறத்தே பாடினார். இம்மூவரும் குறையைச் சொல்லிக்கொண்டு காத்திருக்கவில்லை.

ஆகையால் சென்னைக்குச் செல்வோர் செல்லட்டும். திருவையாற்றுக்குச் செல்வோர் அங்குள்ள மண்ணில் ஒருமுறையேனும் அமர்ந்து வரட்டும். எம் விண்ணப்பம் வேறு. நம் ஆண்டு விழாவில் பெரிய வித்துவானை அழைப்பதற்காகத் திரட்டும் பொருளில் ஒரு பகுதியை, காலனிக் குழந்தைகளுக்கு வாரந்தோறும் பாட்டுச் சொல்லித்தர ஓர் ஆசிரியருக்கு ஒதுக்குவோமாக. விழாவன்று ஒரு மணி நேரம் அக்குழந்தைகளுக்கே உரியதாகட்டும். ஞாயிறு காலையில் வைத்தால் பெரும்பாலான ஷிப்டுக்காரரும் வரலாம்.

பாட்டு எம்மொழியில் இருத்தல் வேண்டும் என்ற பழைய வழக்கு இங்கே எளிதில் தீர்ந்துவிடும். தமிழ் மண்ணில் பிறந்து வாழ்ந்து தெலுங்கில் பாடினார் தியாகராஜர். நாமோ தமிழராய்ப் பிறந்து தெலுங்கு மண்ணில் வாழ்கிறோம். சீர்காழி மூவரின் பாடலுக்கு நம் பெரியோர் பொருள் கூறட்டும். தியாகராஜரின் கீர்த்தனைக்கு அண்டை வீட்டுத் தெலுங்கு நண்பரை அழைத்துப் பொருள் கூறச் செய்வோம். நாம் பல்லாண்டு இராகத்தை மட்டும் சுவைத்த கீர்த்தனையின் சொற்பொருளை அவர் வாயால் கேட்கும்போது, இவ்வூருக்கு வந்ததனால் நாம் இழந்தது மட்டுமன்றிப் பெற்றதும் உண்டு என்பது விளங்கும்.

அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது அக்குழந்தைகளின் பெயர்கள் நிகழ்ச்சி நிரலில் முதலிடம் பெற்றிருக்கக் காண்போமாக. இதற்கு அன்பர்கள் அனைவரும் ஆதரவு நல்க வேண்டுகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க இசை!