நம் தமிழ்நாட்டுப் பாலைவனம்: தேரிக்காட்டு மக்களின் நீரும் இனிப்பும்

புனேயில் குடியிருக்கும் நமக்குப் பாலைவனம் என்றால் ராஜஸ்தான்தான் நினைவுக்கு வரும். பவானி பேட்டையில் நான் புளி, வத்தல், கருப்பட்டி வியாபாரம் செய்த முப்பத்தைந்து வருஷமும் எனக்கு இரண்டு பக்கமும் மார்வாடிக் கடைகள்தான். அவர்களும் என்னைப் போல ஜைனர்கள். சாதுர்மாசம் வந்துவிட்டால் பச்சைக் காய்கறியைக் குறைத்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்த கேர், சாங்ரி வற்றல்களை ஊறவைத்துச் சமைப்பார்கள். சாங்ரி என்பது வேறொன்றும் இல்லை, நம் வன்னி மரத்தின் நெற்றுதான். அந்த மரத்தை வெட்ட விடாமல் 1730-ல் ஜோத்பூருக்கு அருகே கேஜட்லி கிராமத்தில் 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்த கதையைச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு எங்கே சேட் மணலோட அருமை தெரியும்? உங்க தேசம் முழுக்கப் பச்சை" என்பார்கள். வந்தவாசிப் பக்கத்து ஏரிப் பாசன ஊர்க்காரனான எனக்கு அது பொருந்தும். தமிழ்நாடு முழுவதற்கும் பொருந்தாது. சரக்கு எடுக்க உடன்குடிக்குப் போய் வந்த நாட்களில் அந்தப் பக்கத்துத் தேரியைப் பலமுறை சுற்றிப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றியே இந்த மலரில் எழுதத் துணிந்தேன்.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தில், கடற்கரையிலிருந்து சில மைல் உள்ளே, குங்குமத்தைக் கொட்டிவைத்தாற்போல் செம்மணல் மேடுகள் கிடக்கின்றன. அவற்றைத்தான் தேரி என்கிறார்கள். குதிரைமொழித் தேரி, இட்டமொழித் தேரி, சாத்தான்குளத்துப் பக்கத்துத் தேரி என்று பல உண்டு. குதிரைமொழித் தேரி மட்டுமே சுமார் 12,000 ஏக்கர். இது கடல் கொண்டுவந்து நேரே போட்ட மணல் இல்லை, காற்று குவித்த மணல். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் கொட்டிவிட்டு, கணவாய்கள் வழியாக வெறும் காற்றாய் இந்தப் பக்கம் வீசுகிறது. அந்தக் காற்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கட்டிய மேடு இது. மணலில் உள்ள இரும்புச் சத்து துருவாகி ஒவ்வொரு மணியின் மேலும் படிந்ததால்தான் இந்தச் சிவப்பு.

நம் இலக்கணம் பாலைக்கு என்று ஒரு நிலம் தரவில்லை என்பது மலர் வாசகர்களுக்குத் தெரியும். தொல்காப்பியம் நான்கு நிலத்துக்குத்தான் தெய்வம் வகுத்தது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்கிறார் இளங்கோவடிகள். அதாவது பாலை ஒரு பருவம். மழை பெய்தால் போய்விடும். சிலம்பில் இன்னொன்றும் என்னை யோசிக்க வைக்கும். மதுரைக்குப் போகும் வழியில் கண்ணகியால் வெயில் தாங்க முடியவில்லை என்று கோவலன் சொல்ல, இரவில் நிலவு வெளிச்சத்தில் நடக்கிறார்கள். கவுந்தியடிகளும் கூடவே நடக்கிறார். சமணத் துறவியர் இருட்டில் நடப்பதில்லை. காலடியில் சிற்றுயிர் எது மிதிபடும் என்று தெரியாதே! அந்த அம்மையே இசைந்தார் என்றால் பாண்டி நாட்டு வெயில் எப்படி இருந்திருக்க வேண்டும், பாருங்கள்.

தேரி அப்படித் திரிந்து மறுபடி திரும்பும் நிலம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்தாலும் தேரி தேரிதான். கணக்குப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை. நம் புனே நகரத்துக்கு 700-க்குச் சற்று மேல். ஜைசல்மேரிலோ சுமார் 200தான். மழையை மட்டும் வைத்துச் சொன்னால் தேரிக்குப் பாலைவனம் என்ற பேரே பொருந்தாது. ஆனால் பெய்த மழை மேலே நிற்பதில்லை. விழுந்த இடத்திலேயே மணல் குடித்துவிடும். மேட்டில் நின்று பார்க்கிறவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணில் படாது. வெயில் நேரத்தில் காலை வைக்க முடியாது.

குடித்த தண்ணீர் எங்கே போகிறது? மணலுக்குள் இறங்கி, அடியில் மெல்ல நகர்ந்து, தேரியின் ஓரத்தில் கசிகிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. சுனையைக் காப்பதற்கென்றே ஒரு தெய்வம்! பேரிலேயே வரலாறு இருக்கிறது. தேரி விளிம்பில் உள்ள ஆழமில்லாத ஏரிகளைத் தருவை என்பார்கள். வைரவன் தருவை, புத்தன் தருவை என்று ஊர்ப் பேராகவே நிற்கின்றன. அந்த விளிம்பில் வாழை உண்டு, முருங்கை உண்டு, வெற்றிலைக்கொடி கூட உண்டு. மார்வாட்டுக்காரர்கள் மழைநீரைச் சேர்க்க வீட்டு முற்றத்தில் சுண்ணாம்பு பூசிய தாங்கா என்ற நிலவறைத் தொட்டி கட்டினார்கள். நம்மவர்களுக்கு அந்தச் செலவு இல்லை, தேரியே தொட்டி. ஓரத்தில் ஊற்றுத் தோண்டினால் போதும்.

இந்த மண்ணில் மனிதன் வாழ்ந்தது நேற்று இன்று இல்லை. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் சாயர்புரம் பக்கத்துத் தேரியில் நகக்கண் அளவுள்ள சிறு கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். பின்னர் சாய்னர், ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் தேரிகளை ஆராய்ந்து 1956-ல் எழுதினார்கள். அந்த ஆயுதங்களுக்குச் சுமார் ஆறாயிரம் ஆண்டு வயது கணித்தார்கள். மணல்மேட்டு மறைவில் தங்கி, மீன் பிடித்தும் வேட்டையாடியும் பிழைத்த கூட்டம் அது.

இனி பனைக்கு வருவோம். தேரியைச் சுற்றிய வாழ்வு முழுதும் இந்த ஒரு மரத்தில் கட்டப்பட்டது. பங்குனியில் பாளை விட்டதும் வேலை தொடங்கும். முருக்குத்தடி, தளைநார், பாளை அரிவாள், அரிவாள் பெட்டி, இவைதான் பனையேறியின் ஆஸ்தி. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது மரம்; அதிலும் காலையும் மாலையும் ஏற வேண்டும். மரத்தோடு உரசி உரசி நெஞ்சுத்தோல் காய்த்துப் போயிருக்கும். தவறி விழுந்து முடங்கினவர்களும் உண்டு. நாம் இங்கே உட்கார்ந்து பதநீரின் சுவையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். இறக்குவது ஆணின் பாடு என்றால் காய்ச்சுவது பெண்ணின் பாடு. ஓலை வேய்ந்த விடிலிக்குள், சித்திரை வெயிலில், மணிக்கணக்கில் அடுப்படியில் நின்று கிளற வேண்டும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் கள். ஒரு விரல் சுண்ணாம்பில் இருக்கிறது வித்தியாசம். புனேயில் விடியற்காலையில் நீரா வாங்கிக் குடித்திருப்பீர்கள். அதுவும் இந்த வகைதான், ஆனால் பெரும்பாலும் ஈச்ச மரத்தில் இறக்கியது. தேரிப் பதநீரின் மணம் வேறு. அங்கே அதைப் 'பதனி' என்பார்கள். ஓலையைத் தொன்னை மாதிரி மடித்துப் பட்டை பிடித்து, அதில் நுங்கைச் சீவிப் போட்டு ஊற்றித் தருவார்கள். முதல் முறை நான் தயங்கி நின்றபோது விடிலியில் இருந்த பெரியவர் சொன்னார்: "சும்மா குடிங்க அண்ணாச்சி. சுண்ணாம்பு போட்டதுதான். ஊத்தித் தாரேன், பட்டைய மட்டும் கீழ விட்டுராதீங்க, பாத்துக்கிடுங்க."

என் தயக்கம் கள்ளைப் பற்றியது இல்லை. இனிப்பைத் தேடி வரும் தேனீக்கள் கலயத்தில் விழுந்து சாகின்றன. தேனையே விலக்கிய குலத்தில் பிறந்தவன் இதைக் காணாமல் குடிக்க முடியாது. அவர்கள் பன்னாடையில் வடிகட்டித்தான் ஊற்றுகிறார்கள். பன்னாடை என்பது பனை மட்டையின் அடியில் சல்லடை போல் இருக்கும் நார். தண்ணீரைக்கூட துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னது எங்கள் சமயம். இவர்களுக்கு மரமே வடிகட்டியைத் தந்திருக்கிறது. இந்த இடத்தில் ஒன்று சொல்ல ஆசை. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். கடைமாணாக்கனுக்கு அவர் காட்டிய உவமைகளில் ஒன்று நெய்யரி. அதற்கு உரைகாரர்கள் பன்னாடை என்று பொருள் சொல்வார்கள். நல்லதைக் கீழே விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்பவன் என்று கருத்து. அன்றிலிருந்து இன்றுவரை 'பன்னாடை' வசவுச் சொல்லாகவே இருக்கிறது. தேரியில் அது கசடைப் பிடித்துக்கொள்வதால்தான் நாம் பதநீர் குடிக்கிறோம். முனிவர் ஒரு நாள் விடிலிக்கு வந்திருந்தால் வேறு உவமை தேடியிருப்பார் என்பது என் எண்ணம்!

காய்ச்சிய பாகு இறுகுவதற்கு முந்தின நிலையைக் கூப்பனி என்பார்கள். குழந்தைகள் அதற்காகவே விடிலி வாசலில் காத்திருக்கும். இறுகினதைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. சுக்கு, மிளகு, ஏலம் சேர்த்தால் புட்டுக் கருப்பட்டி. கார்த்திகைத் திருநாளில் பச்சரிசி மாவையும் கருப்பட்டியையும் பிசைந்து குருத்தோலைக்குள் வைத்து அவிப்பது ஓலைக் கொழுக்கட்டை. அந்த ஓலை மணத்துக்கு ஈடு கிடையாது. தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கு. கிழங்கு வகையை நாங்கள் தொடுவதில்லை என்பதால் அதன் ருசியை நான் எழுத முடியாது. பிள்ளைகளுக்கு நுங்கு தின்ற மீதிக் கூந்தலில் வண்டி, ஓலையில் காற்றாடி. மாலை சாய்ந்துவிட்டால் அத்தனை கொதித்த மணலும் சீக்கிரமே குளிர்ந்துவிடும். நிலாக் காலத்தில் மேட்டிலிருந்து பையன்கள் சறுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். காசில்லாத இடத்து விளையாட்டு, ஆனால் அதில் குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

வெளியிலிருந்து வந்தவர்கள் இந்த நிலத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பது தனிக் கதை. கால்டுவெல் 1841 இறுதியில் தேரியின் ஓரத்தில் உள்ள இடையன்குடிக்கு வந்து, நாற்பது ஆண்டுக்கு மேல் அங்கே ஊழியம் செய்தார். தெருக்களை அளந்து, கிணறு வெட்டி, மரம் வைத்தார். அவர் மனைவி எலைசா பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். 1856-ல் வெளிவந்த ஒப்பிலக்கண நூலுக்காக நாம் அவரைக் கொண்டாடுகிறோம். ஆனால் 1849-ல் அந்தப் பனையேறும் மக்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் அவர்களையே புண்படுத்தியது. நிலத்தின் வறட்சியைக் கண்டவர் வாழ்வின் செழுமையைக் கண்டதாகத் தெரியவில்லை. பயிர் ஏறாத மண்ணைத் தரிசு என்று எழுதிவிடுவது வருவாய்த் துறைக்கும் பழைய வழக்கம். தரிசு என்று எழுதிவிட்டால் எடுத்துக்கொள்வது சுலபம். மணலில் இல்மனைட், கார்னெட் போன்ற தாதுக்கள் இருப்பதால் சாத்தான்குளம் பகுதியில் டைட்டானியம் தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் கேட்கப்பட்டது. 2007-ல் மக்கள் எதிர்த்ததால் அரசு அதை நிறுத்திவைத்தது. தேரியை அடுத்த குலசேகரப்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு 2,000 ஏக்கருக்கு மேல். ஏவுதளம் நாட்டுக்கு வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மேட்டு மணலை அள்ளினால் ஓரத்துச் சுனை என்ன ஆகும் என்ற கேள்வியை அந்த ஊர்க்காரர்கள்தான் கேட்கிறார்கள், கோப்புகளில் அது அதிகம் வருவதில்லை.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியம். இருந்தாலும் குறியீட்டை நம்பி மட்டும் வாங்காதீர்கள், உடைத்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளத்தால் சீனி கலந்த சரக்கு. நல்ல கருப்பட்டி உள்ளே மங்கலாகத்தான் இருக்கும். ஏறுவதற்கு ஆள் குறைந்துவிட்டது. ஏறினவர்களின் பிள்ளைகளில் பலர் மும்பை, புனே என்று மளிகைக் கடை போட்டுவிட்டார்கள். அவர்களில் சிலர் இந்த மலரையும் படிப்பார்கள்.

தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் உண்டு. கார்த்திகை மாதக் கடைசியில் அங்கே கள்ளர் வெட்டு. அன்று இளநீரை வெட்டுவார்கள். அது சிந்திய செம்மணலைக் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு அள்ளும், வீட்டிலும் வயலிலும் வைக்க. புனேயில் எனக்குப் பழக்கமான ஒரு மளிகைக் கடைக்காரர், அந்தப் பக்கத்து ஊர்க்காரர், ஒவ்வொரு வருஷமும் லீவு போட்டு அதற்குப் போய் வருவார். அவர் கல்லாப்பெட்டியில், சில்லறைக்கு அடியில், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பிடி தேரிமணல் இருக்கிறது. "ஜனவரியில மாத்துவேன் அண்ணாச்சி, பழசைத் துளசிச் செடியில போட்டிருவேன்" என்றார்.